சத்தியத்தின் பெயரால்

மதுரை அமெரிக்கன் கல்லூரிக்கு 1925ஆம் ஆண்டில் தாவரவியல் கற்பிக்க ஒரு தெலுங்கு இளைஞர் வந்து சேர்ந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் முதுகலைப் பட்டம் பெற்ற கையோடு வந்தவர். வைதிகப் பிராமணக் குடும்பத்துப் பிள்ளை. அவருடைய திறமையைக் கண்ட கல்லூரித் தரப்பினர், கிறித்தவ சமயத்தைத் தழுவுவாராயின் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பி ஆய்வுப் பட்டம் பெற வழிசெய்வதாகக் கூறினர். கடல் கடந்து படிப்பது சிலருக்கே வாய்த்த அந்நாளில் அது சிறிய வாய்ப்பன்று. இளைஞர் மறுத்துவிட்டார். அப்போது அவர் நாத்திகரும் அல்லர். பிறந்த மதத்தைப் பற்றி நின்றே மறுத்தார். ஆனால், ஒரு பட்டத்துக்கு ஈடாக மாற்றிக்கொள்ளத்தக்கது என்றால் அந்த நம்பிக்கையின் மதிப்புத்தான் என்ன என்னும் கேள்வி அங்கே பிறவாமல் இருந்திருக்க முடியாது. கோபராஜு இராமச்சந்திர ராவ் என்னும் அவ்விளைஞரே பின்னாளில் தம் பெயரின் இரு முதலெழுத்துகளை மட்டும் வைத்துக்கொண்டு 'கோரா' ஆனார். இந்தியாவின் நாத்திக இயக்க வரலாற்றில் பெரியாருக்கு அடுத்து நினைவுக்கு வரும் பெயர்களுள் அது ஒன்று.

இன்றைய ஒடிசாவில் உள்ள சத்ரபூரில் 1902 நவம்பர் 15ஆம் நாள் பிறந்தார் கோரா. அப்பகுதி அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்தது. காக்கிநாடாவிலும் சென்னையிலும் படித்தார். 1922இல் திருமணம் நடந்தபோது மணமகள் சரசுவதிக்கு வயது பத்து. குழந்தை மணத்தைக் குற்றமென்று எவரும் எண்ணாத காலம் அது. அந்தப் பத்து வயதுச் சிறுமியே, பின்வந்த ஐம்பதாண்டு முயற்சிகள் அனைத்திலும் பாதிச் சுமையைத் தாங்கப்போகிறார் என்பதை அன்று மணப்பந்தலில் இருந்த யாரும் அறிந்திருக்க மாட்டார்கள். கோராவைப் பற்றி எழுதுவோர் பலர் சரசுவதியைப் பின்னிணைப்புப்போலச் சேர்ப்பது வழக்கம். அது நேர்மையான வழக்கம் ஆகாது.

மதுரையில் ஓராண்டுக் காலமே இருந்தார். அடுத்துக் கோயம்புத்தூரில் வேளாண் ஆய்வுத் துறைப் பணி. அதன்பின் கொழும்பு ஆனந்தா கல்லூரியில் ஆசிரியப் பணி. தமிழ் மண்ணிலும் ஈழத் தீவிலும் கழிந்த இந்த மூன்றாண்டுகளே அவரை மாற்றின. மாற்றம் நூல்களின் வழியாக வந்ததைவிடச் சோதனைகளின் வழியாகவே வந்தது என்று சொல்ல வேண்டும். செடிகளின் உள்ளமைப்பை ஆராயப் பழகிய கண் பேய்களையும் விட்டுவைக்கவில்லை. பேய் உலவுவதாகச் சொல்லி ஒதுக்கப்பட்ட வீட்டைத் தேடிப்பிடித்துக் குடிபுகுந்தார். பேய் வரவில்லை. கருவுற்ற பெண்கள் கிரகண வேளையில் வெளியே தலைகாட்டலாகாது என்னும் அச்சத்தைச் சோதிக்க, கருவுற்றிருந்த சரசுவதி கிரகணத்தின்போதே வெளியில் வந்தார். குழந்தை குறையேதுமின்றிப் பிறந்தது. வீட்டில் பேயை மறுப்பதற்குக் கணவனின் துணிவு போதும். கிரகணத்தில் வெளியே வருவதற்கு வேண்டியது மனைவியின் துணிவு. அவருக்கு அப்போது இருபது வயதுகூட ஆகவில்லை.

1928இல் காக்கிநாடாவுக்குத் திரும்பினார். தாம் படித்த கல்லூரியிலேயே வேலை கிடைத்தது. ஆனால் பூணூலைத் துறந்த மகனை வீட்டில் வைத்திருக்கத் தந்தையால் முடியவில்லை. மகன் பூணூலை மீண்டும் அணிய வேண்டும், அல்லது வெளியேற வேண்டும் என்ற நிலை வந்தது. கோரா மனைவியுடன் வெளியேறினார். சாதியாரும் விலக்கி வைத்தனர். இதில் தந்தையைக் கொடியவராகக் காட்டுவது எளிது. சாதியாரின் கட்டுக்கு அஞ்சி வாழ்ந்த தலைமுறை அது; மகனை அனுப்பிய வீட்டில் அன்றிரவு யாரும் நிம்மதியாக உறங்கியிருப்பார்கள் என்று தோன்றவில்லை.

கடவுட் கொள்கையைப் பற்றித் தாம் எழுதிய ஒரு கட்டுரையின் காரணமாக 1933இல் அக்கல்லூரி வேலையையும் இழந்தார். மசூலிப்பட்டினத்தில் வேறொரு கல்லூரி அவரை ஏற்றது. மாணவர்கள் அவரைச் சுற்றித் திரண்டனர். அதுவே அங்கும் இடையூறாயிற்று. 1940இல் ஆசிரியத் தொழிலையே விட்டுவிட்டார். வளரும் பிள்ளைகள் வீடு நிறைய இருந்த நிலையில், மாதச் சம்பளத்தை முற்றாகத் துறந்த முடிவு அது. கோராவின் துணிவுகளுள் பெரியது எது என்று கேட்டால், கடவுள் இல்லை என்று சொன்னதைக் காட்டிலும் இதையே சொல்லலாம். சிறிய அமைப்பொன்றை ஊதியமின்றி நடத்திப் பார்த்தவர்கள் இதன் கனத்தை உணர்வார்கள்.

கிருஷ்ணா மாவட்டத்தில் முதுனூர் ஒரு சிற்றூர். அவ்வூரார் சிலர் தங்கள் ஊரில் முதியோர் கல்வி நடத்த வருமாறு அழைத்தனர். 1940 ஆகஸ்ட் 10ஆம் நாள் அங்கே ஓலைக் குடில்களில் நாத்திக மையம் தோன்றியது. பெயர் பெரிது, உடைமை சிறிது. கோரா, சரசுவதி, அவர்களின் மக்கள், அக்கம்பக்கத்து இளைஞர்கள் சிலர்: இவ்வளவே அமைப்பு. அவர்கள் எழுத்தறிவித்தார்கள், சேரியைச் சுத்தம் செய்தார்கள், சுதந்திரப் போராட்டத்துக்கு ஆள் சேர்த்தார்கள். நிலவு நிறைந்த இரவுகளில் எல்லாச் சாதியாரும் ஒரே வரிசையில் அமர்ந்து உண்ணும் சமபந்தி நடத்தினார்கள். பௌர்ணமியைத் தேர்ந்ததில் சமயக் குறிப்பேதும் இல்லை. மின்விளக்கு எட்டாத சிற்றூர்களில் நிலவே பொது விளக்கு. ஆனால் அவ்வொளியில் யாருக்குப் பக்கத்தில் யார் அமர்ந்து உண்டார்கள் என்பது ஊருக்கே தெரிந்துவிடும். மறுநாள் அதற்குரிய விலையைக் கொடுக்க அணியமானவர்களே வந்து அமர்ந்தார்கள்.

பிள்ளைகளுக்கு இட்ட பெயர்களிலும் அந்த வீட்டின் போக்கு தெரிந்தது. தெய்வப் பெயரும் சாதிப் பெயரும் இல்லை. உப்புச் சத்தியாக்கிரகம் நடந்த 1930இல் பிறந்த மகன் 'லவணம்' ஆனான். லவணம் என்றால் உப்பு. போர்க்காலத்தில் பிறந்தவன் 'சமரம்'. ஒன்பதாம் குழந்தை 'நவ்'. ஒன்பது என்பதே அதன் பொருள். குழந்தைப் பெயரில் கொள்கையைச் சுமத்தலாமா என்று கேட்போர் உண்டு. சுப்பிரமணியன் என்றும் மரியதாஸ் என்றும் பெயரிடுவோரும் அதையேதான் செய்கிறார்கள்.

காந்தியாரோடு கோரா கொண்ட உறவே இவ்வாழ்வின் நடுப்பகுதி. அக்காலத்து நாத்திகர் பலர் காந்தியின் இராம நாமத்தைக் கண்டதும் அவரை விட்டு விலகி நின்றனர். தமிழகத்தில் 1925இலேயே காங்கிரசை விட்டு வெளியேறிய பெரியார் தன்மான இயக்கத்தைத் தனி வழியில் நடத்தினார். கோரா வேறு முடிவெடுத்தார். கதர் உடுத்துச் சத்தியாக்கிரகத்தில் நின்றுகொண்டே, காந்தியின் கடவுளை மட்டும் மறுத்தார். 1930இல், கடவுள் என்னும் சொல்லால் குறிப்பது எதை என்று கேட்டுக் காந்திக்கு எழுதினார். கடவுள் மனித அறிவுக்கு அப்பாற்பட்டவர் என்ற கருத்தில் சுருக்கமான விடை வந்தது. மையத்தைத் தொடங்கிய மறு ஆண்டு, நாத்திகத்தின் வழியே தீண்டாமையை ஒழிக்கும் தம் முறையை நேரில் விளக்க நேரம் கேட்டார். நாத்திகம் தன்னையே மறுப்பதாகும், அதைப் பரப்பி வென்றவர் இல்லை என்னும் பொருளில் பதில் வந்தது, சந்திப்புக் கிடைக்கவில்லை. கோரா பகைக்கவில்லை, மறுத்து ஏடுகளில் எழுதவும் முனையவில்லை. வேலையைத் தொடர்ந்தார். 1942 இயக்கத்தில் அவர் சிறை புகுந்தார். சரசுவதியும் சிறு மகன் நியந்தாவோடு சிறை சென்றார்.

1944 இறுதியில் சேவாகிராமத்தில் அச்சந்திப்பு நிகழ்ந்தது. வங்கப் பஞ்சம் இலட்சக்கணக்கானோரை விழுங்கி முடித்திருந்த நேரம். கல்கத்தாத் தெருக்களில், பலகாரங்கள் அடுக்கிய கடைகளின் முன்பே மக்கள் கைநீட்டாமல் செத்து விழுந்த கொடுமையைக் கோரா எடுத்துரைத்தார். விதி என்றும் முன்வினை என்றும் நம்பியதால்தான் அவர்கள் எடுத்து உண்ணவில்லை, அந்நம்பிக்கை இல்லாதிருந்தால் மாண்டிருக்க மாட்டார்கள் என்பது அவர் வாதம். பசியால் சாகிறவனின் கை ஏன் நீளவில்லை என்பதற்கு வேறு விடைகளும் உண்டு; காவலர் தடி அவற்றுள் ஒன்று. இருப்பினும் அவ்வாதத்தின் வேகம் முதியவரைத் தொட்டது. தம்முடைய ஆத்திகமே சரி, கோராவின் நாத்திகம் தவறு என்று தம்மால் சொல்ல இயலாது. இருவருமே உண்மையைத் தேடுகிறவர்கள் என்ற நிலைக்குக் காந்தி வந்தார். கடவுளே சத்தியம் என்று தொடங்கிச் சத்தியமே கடவுள் என்று முன்னரே திரும்பியிருந்தவர் அவர். ஒரு நாத்திகருக்கும் தமக்கும் இடையே ஒரு சொல்லின் தூரமே உள்ளது என்பதை அவர் கண்டுகொண்டிருக்க வேண்டும்.

அந்தச் சொல் ஒரு திருமணத்தில் சோதனைக்கு உள்ளாயிற்று. கோராவின் மூத்த மகள் மனோரமாவைத் தாழ்த்தப்பட்ட வகுப்பில் பிறந்த அர்ஜுன ராவுக்கு மணம் செய்விக்க முடிவாயிற்று. ஒரு தரப்பு அரிசன வகுப்பைச் சேர்ந்ததாக இருந்தாலன்றித் திருமணத்துக்கு வாழ்த்துரைப்பதில்லை என்று காந்தி அப்போது உறுதி பூண்டிருந்தார். இம்மணத்தைத் தாமே சேவாகிராமத்தில் நடத்தி வைக்க இசைந்தார். ஈராண்டு பொறுக்குமாறும், அதற்குள் மணமகன் ஆசிரமத்தில் தங்கிப் பயிற்சி பெறுமாறும் சொன்னார். எஞ்சியது ஒரு சிக்கல். ஆசிரமத் திருமண உறுதிமொழி கடவுளின் பெயரால் சொல்லப்படுவது. நாத்திகரின் மகள் அதைச் சொன்னால் பொய்யாகும். சொல்லாவிட்டால் ஆசிரம முறை நடவாது. காந்தி, கடவுள் என்னும் சொல் வருமிடத்தில் சத்தியம் என்று மாற்றிக்கொள்ளலாம் என்றார். நாள்தோறும் பிரார்த்தனை செய்து வாழ்ந்த ஒருவர் எதிர்க்கொள்கையினர் ஒருவருக்காகத் தம் சடங்கிலிருந்து தம் தெய்வத்தின் பெயரை எடுத்துவிட ஒப்பியது சாதாரணச் செய்தியன்று. நாத்திகர்கள் இதைக் கோராவின் வெற்றி என்று கூறுவார்கள்; காந்தியர் அது காந்தியின் பெருமை என்பார்கள். இரண்டையும் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் காத்திருந்த ஈராண்டும் மனோரமாவின் ஈராண்டு. தந்தையின் கொள்கையும் மகாத்மாவின் நிபந்தனையும் கூடிய இடத்தில் அந்த இளம்பெண் என்ன நினைத்தாள் என்பதை இவ்வரலாற்றைச் சொல்வோர் கேட்பதில்லை. கேட்டிருக்கலாம்.

1948 ஜனவரி 30ஆம் நாள் காந்தி கொல்லப்பட்டார். மணநாள் அருகில் இருந்தது. வாக்களித்தவர் போய்விட்டார், ஆசிரமத்தார் வாக்கைக் காத்தனர். அவ்வாண்டு மார்ச்சில் சேவாகிராமத்திலேயே, அவர் வகுத்துச் சென்றபடி, சத்தியத்தின் பெயரால் மனோரமாவும் அர்ஜுன ராவும் மணந்துகொண்டனர். இந்த உறவின் கதை முழுவதையும் கோரா 1951இல் சிறு நூலாக எழுதினார். காந்தியுடன் ஒரு நாத்திகன் என்று பொருள்படும் பெயருடைய அவ்வாங்கில நூலைக் காந்தியின் நவஜீவன் பதிப்பகமே வெளியிட்டது. அவர் எழுதியவற்றுள் காலத்தைக் கடந்து நின்றது அதுதான். அவருடைய ஏனைய எழுத்துகளில் வாதமே மிகுதி. இதில் மட்டும் மனிதர் இருவர் நடமாடுகிறார்கள்.

மையம் 1947இலேயே விசயவாடாவின் ஓரத்தில் இருந்த படமடாவுக்கு மாறியிருந்தது. அங்கும் குடில்களே. விடுதலை வந்தபின் கோராவின் சினம் ஆட்சியாளரின் ஆடம்பரத்தின்மீது திரும்பியது. ஏழை நாட்டின் அமைச்சர்கள் மாளிகைகளில் வாழலாகாது, மக்களாட்சிக்குக் கட்சிகள் வேண்டா என்பன அவர் கொள்கைகள். 1961ஆம் ஆண்டு சேவாகிராமத்திலிருந்து தோழர்களோடு நடந்தே புறப்பட்டு, 1,100 மைல் தூரத்தை 99 நாள்களில் கடந்து, 1962இல் தில்லி சேர்ந்தார். அமைச்சர்கள் மாளிகைகளை விட்டு இறங்கவில்லை. கட்சி சாராத வேட்பாளராகத் தேர்தலிலும் நின்றார், தோற்றார். கட்சியில்லா மக்களாட்சி எவ்வாறு இயங்கும் என்பதை அவர் தெளிவாக விளக்கினார் என்று சொல்ல இயலாது. அவருடைய அரசியலில் அறம் இருந்தது, பொறியமைப்பு இல்லை.

பூக்களோடும் அவர் பூசலிட்டார் என்பது கவிஞர்களுக்கு உவக்காத செய்தி. பஞ்சமும் விலையேற்றமும் வாட்டிய அறுபதுகளின் பிற்பகுதியில், அரசு வளாகங்களிலும் பூங்காக்களிலும் அழகுச் செடிகளை அகற்றிக் காய்கறி பயிரிட வேண்டும் என்று கிளர்ச்சி செய்து சிறை சென்றார். செடிகளின் பெயர்களையும் குடும்பங்களையும் மாணவர்க்குக் கற்பித்தவர், குரோட்டன்சைப் பிடுங்கிவிட்டுக் கத்தரி நடச் சொன்னார். தாவரவியலாருக்குக் கத்தரிப்பூவும் பூவே போலும்.

ஆயினும் ஒரு கவிஞரின் வீட்டோடு அவர் சம்பந்தம் செய்துகொண்டார். தெலுங்கின் பெருங்கவிஞர் குர்ரம் ஜாஷுவா, தீண்டாமையின் கொடுமையைத் தம் உடலில் ஏற்றவர். 1941இல் வெளிவந்த அவருடைய 'கப்பிலம்' மேகதூதத்தின் வழியைப் பின்பற்றி எழுந்த காவியம். ஆனால் அதில் தூது செல்வது மேகமன்று, வௌவால். கோயிலுக்குள் நுழைய ஒடுக்கப்பட்ட மனிதனுக்கு உரிமையில்லை, வௌவாலுக்கு உண்டு. ஆகவே அவன் தன் முறையீட்டை இறைவனிடம் அதன்வழி அனுப்புகிறான். ஜாஷுவாவின் மகள் ஹேமலதாவை 1960இல் கோராவின் மகன் லவணம் மணந்தார். இறைவனிடம் முறையிட வௌவாலைத் தூதுவிட்டவரும், முறையிட இறைவனே இல்லை என்றவரும் சம்பந்திகள் ஆயினர். இருவருக்கும் எதிரி ஒருவனே என்பதால் அந்த உறவில் முரண் இருந்ததாகத் தெரியவில்லை. ஹேமலதாவும் லவணமும் பின்னாளில் ஸ்டூவர்ட்புரத்தில், குற்றப் பரம்பரையினர் என்று ஆங்கிலேயர் முத்திரை குத்திய மக்களிடையே உழைத்தார்கள். பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் ஜோகினி வழக்கத்துக்கு எதிராகத் தெலங்கானாச் சிற்றூர்களில் ஹேமலதா நெடுங்காலம் போராடினார். அந்தப் பணிகளைத் தனியாக எழுத வேண்டும்.

மையத்தின் செயல்முறை எப்போதும் காட்டிப் புரியவைப்பதாகவே இருந்தது. தீ மிதித்தல் தெய்வ அருளால் நிகழ்வதன்று. தணலும் சாம்பலும் வெப்பத்தை மெல்லக் கடத்துவன, அடி படும் நேரம் சிறிது, அதனால் பாதம் சுடுவதில்லை என்று சொல்லிவிட்டுச் சரசுவதியே தணலில் நடந்து காட்டினார். 1972 ஆகஸ்ட் 15இல் விசயவாடாவில் மாட்டிறைச்சியும் பன்றியிறைச்சியும் சேர்த்துப் பரிமாறிய நட்பு விருந்தை மையத்தார் நடத்தினர். இந்துவின் விலக்கும் முசுலிமின் விலக்கும் ஒரே இலையில் வந்தன. கடும் எதிர்ப்புக் கிளம்பியது. ஆயினும் வந்து உண்டவர்கள் இருந்தார்கள். பௌர்ணமிச் சமபந்தியில் இருந்த இணக்கம் இவ்விருந்தில் இருந்ததா என்பது ஐயத்துக்குரியது. முன்னது மனிதரைப் பக்கத்தில் உட்காரவைத்தது; பின்னது அவர்களுடைய அருவருப்பைச் சீண்டிப் பார்த்தது. கோராவுக்கு அந்த வேறுபாடு தோன்றவில்லை. அவ்வாண்டு இறுதியிலேயே உலக நாத்திகர் மாநாட்டை மையம் விசயவாடாவில் கூட்டியது.

1975 ஜூலை 26ஆம் நாள், நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டு ஒரு மாதம் கடந்திருந்தது. விசயவாடாக் கூட்டமொன்றில் சிற்றூர்களின் சமூக மாற்றத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த கோரா, பேச்சினூடே உயிர் நீத்தார். அவருக்கு வயது எழுபத்திரண்டு. தாங்கள் நாத்திகர் ஆன கதையைச் சொல்லும் தன்வரலாறு அவ்வாண்டில்தான் வெளிவந்தது. அதன் ஆங்கிலத் தலைப்பில் 'நான்' இல்லை, 'நாங்கள்' என்றே இருக்கிறது.

மையம் கலையவில்லை. 1977 நவம்பரில் திவிசீமையைப் புயல் அழித்தபோது கோராவின் மக்கள் அங்கே முதலில் சென்ற தொண்டர்களோடு நின்றார்கள். 1986இல் உலக மனிதநேயர் ஒன்றியம் தன் விருதை மையத்துக்கு அளித்தது. 2002இல் கோராவின் நூற்றாண்டையொட்டி இந்திய அஞ்சல் துறை தலை வெளியிட்டது. சரசுவதி கணவருக்குப் பின் முப்பத்தோராண்டுகள் வாழ்ந்தார். பத்து வயதில் பிறர் முடிவால் மணமகளானவர், படமடாவில் சாதி பாராத, தாலியில்லாத, மந்திரமில்லாத எத்தனையோ திருமணங்களுக்கு முன்னின்றார். 2006 ஆகஸ்ட் 19இல் விசயவாடாவில் மறைந்தார்.